மார்ஃபின் மாத்திரை வீட்டுக்கு வந்தால்: கொடுப்பவருக்கான முழு வழிகாட்டி

கடும் வலிக்கு எழுதும் மார்ஃபின் மாத்திரையை என் அப்பாவுக்குப் பதினோரு மாதம் நானே கொடுத்தேன். அதன் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீடுகளுக்கு ஒரு செவிலியருடன் தன்னார்வலராகப் போய்வருகிறேன். புதிதாகக் கொடுக்கத் தொடங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: நேரத்தில், வயிற்றில், கணக்கில். மருந்தின் பெயரைக் கேட்டு நடுங்குகிறவர்கள் இந்த மூன்றையும் கோட்டைவிட்டுவிட்டு, பழியை மருந்தின் மேல் போடுகிறார்கள்.

டாக்டர் எழுதிய மருந்தை வீட்டில் எந்த வரிசையில், எப்படிக் கொடுப்பது என்பதுதான் இங்கே இருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்பதை இதில் தேட வேண்டாம். அது உங்கள் நோயாளியின் சீட்டில் மட்டுமே இருக்கும். ஒருவருக்கு ஆறுதல் தரும் அளவு, பழகாத இன்னொருவருக்கு மூச்சை நிறுத்திவிடும்.

1. சீட்டோடு எழுந்து வருவதற்கு முன்

கையில் இருப்பது எந்த மருந்து என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டிரமடால், டேபென்டடால், மார்ஃபின் மாத்திரைகள், தோலில் ஒட்டும் ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் பேட்சுகள் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே வலிமருந்துக் குடும்பம். டிரமடாலைச் சாதாரண வலி மாத்திரை என்று நினைத்து மேசை மேல் போட்டுவைக்கும் வீடுகள் ஏராளம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் 2018 முதல் அதுவும் வந்துவிட்டது. மார்ஃபினோ எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. அனுமதி பெற்ற இடங்களில்தான் கிடைக்கும்.

பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டியவை. இது நான்கு மணி நேர மாத்திரையா, பன்னிரண்டு மணி நேர மாத்திரையா? மார்ஃபினில் இரண்டும் உண்டு. இரண்டிலும் 10, 30 மில்லிகிராம் மாத்திரைகள் வருவதால் அட்டையைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். வேளைக்கு நடுவில் வலி வந்தால் என்ன கொடுப்பது, எத்தனை தடவைக்கு மேல் போனால் உங்களை அழைக்க வேண்டும்? மலச்சிக்கலுக்கு மருந்து எழுதியிருக்கிறீர்களா? இரவு இரண்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் எந்த எண்ணில் கேட்பது? நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் இந்த நான்குக்கும் பதில் வேண்டும். விடைகளைச் சீட்டின் பின்பக்கமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, வலிப்பு, குடிப்பழக்கம், வீட்டில் யாருக்காவது போதைப் பழக்கம் இருந்தது. மார்ஃபினின் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அது உடம்பிலேயே தங்கி, சரியான அளவே அதிக அளவாகிவிடும்.

நோயாளி இப்போது சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நம் பக்கத்தில் வர்ம வைத்தியரிடம் வாங்கிய கஷாயமும் எண்ணெயும் இல்லாத வீடு குறைவு. டாக்டர் திட்டுவார் என்று அதை மறைக்கிறார்கள். திட்டட்டும். பாட்டிலையும் பைக்குள் போடுங்கள்.

2. வீட்டில் எடுத்துவைக்க வேண்டியவை

பூட்டுள்ள ஒரு டப்பா, ஒரு நாற்பது பக்க நோட்டு, அலாரம் வைக்கத் தெரிந்த ஒருவர். இவ்வளவுதான் முதலீடு.

பூட்டு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். தவழும் குழந்தைக்கு ஒரு மாத்திரையே ஆபத்து. அது தவிர, இந்த மாத்திரைக்காக வீடு தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். 'பாட்டாவுக்கு மார்ஃபின் கொடுக்கிறோம்' என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

மாத்திரை கொடுப்பவர் ஒருவராக இருக்க வேண்டும். அவர் இல்லாதபோது கொடுக்க இன்னொருவர். மூன்றாவது ஆள் வேண்டாம். திருவட்டாறு பக்கத்தில் ஒரு வீட்டில் காலை பத்து மணிக்கு மருமகள் மாத்திரை கொடுத்துவிட்டு மாடு அவிழ்க்கப் போனார். பத்தேகாலுக்கு மாமியார் வந்து, 'பாவம், முனகுகிறாரே' என்று இன்னொன்று கொடுத்தார். இருவரும் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள். பெரியவர் மாலை வரை கண் திறக்கவில்லை. அன்று அவர் தப்பித்தார். அந்த வீட்டில் அடுத்த நாளே நோட்டு வந்தது.

நோட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதியும் நேரமும், எத்தனை மாத்திரை, கொடுக்கும்போது வலி எவ்வளவு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு, டப்பாவில் மீதம் எத்தனை. வெளிக்குப் போன நாளில் ஓரத்தில் ஒரு 'வெ' போடுங்கள். கொடுத்த கையோடு எழுத வேண்டும்; இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய நோட்டு உதவாது.

வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கச் சொல்வார்கள். எண்பது வயதுக்காரருக்கு அது பிடிபடாது. நான் இப்படித்தான் கேட்பேன்: "பாட்டா, ஒரு ரூபாய் முழு வலி என்றால் இப்போது எத்தனை அணா?" "பன்னிரண்டு அணா இருக்கும் மக்களே." மாத்திரைக்குப் பிறகு அதே கேள்வி. "நாலணா." நோட்டில் 12, 4 என்று விழுந்துவிடும். அடுத்த முறை டாக்டர் முதலில் பார்ப்பது அந்த இரண்டு எண்களைத்தான்.

3. முதல் மாத்திரை அன்றே வயிற்றுக்கான மருந்து

எல்லோரும் தவறும் படி இதுதான். மார்ஃபின் குடலை மந்தப்படுத்தும். வாந்தி, மயக்கம் எல்லாம் சில நாட்களில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகவே பழகாது. மாத்திரை போகும் நாள் வரை அதற்கான மருந்தும் போக வேண்டும். மலம் கட்டிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால், வலிக்கு மேல் இன்னொரு வலியை நாமே சேர்க்கிறோம்.

பிசகோடில், சென்னா, லாக்டுலோஸ் போன்றவற்றில் ஏதோ ஒன்றை டாக்டர் எழுதியிருப்பார். எழுதவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மட்டிப்பழமும் நேந்திரம்பழமும் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்பார்கள். பழம் நல்லதுதான், இந்த மலச்சிக்கலுக்கு அது மட்டும் போதாது. இசப்கோல் போன்ற உமியைத் தண்ணீர் சரியாகக் குடிக்காத நோயாளிக்குக் கொடுத்தால் அது குடலிலேயே கட்டிக்கொள்ளும்.

'கஞ்சி நாலு வாய்தான் குடிக்கிறார், எதற்கு வெளிக்குப் போக வேண்டும்?' என்று கேட்காத வீடே இல்லை. சாப்பிடாவிட்டாலும் குடல் தன் கழிவைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கும். மூன்று நாள் போகவில்லையென்றால் செவிலியரை அழையுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. ஐந்தாறு நாள் போகாதவருக்குத் திடீரெனத் தண்ணீர் தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வீட்டில் உள்ளவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிட்டு, பேதி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். உள்ளே கல்லாக இறுகிய மலத்தின் ஓரமாக வழிந்து வருகிற நீர் அது. குழித்துறைப் பக்கம் ஒரு வீட்டில், ஆறு நாளாக ஒரு 'வெ' கூட இல்லாத நோட்டைப் பார்த்துத்தான் செவிலியருக்கு விஷயம் புரிந்தது. எனிமா கொடுத்தபின் அந்த அம்மாவின் வயிற்று வலியும் வாந்தியும் சேர்ந்தே போயின. அதுவரை 'மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை' என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

4. மணி பார்த்துக் கொடுப்பது

புற்றுநோய் வலி போல இடைவிடாத வலிக்கு எழுதிய மாத்திரையை வலி வருவதற்கு முன் கொடுக்க வேண்டும். நான்கு மணி நேர மாத்திரையின் பிடி நான்கு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். 'தாங்க முடியாவிட்டால் கொடுப்போம்' என்று எட்டு மணி நேரம் இழுத்தால், உச்சிக்குப் போன வலியை அதே மாத்திரையால் இறக்க முடியாது. உடனே இரண்டு கொடுக்கிறார்கள். நோயாளி மயங்குகிறார். பயந்து அடுத்த வேளையை நிறுத்துகிறார்கள். மறுபடி வலி. இந்தச் சக்கரத்தில் மாட்டிய வீடுகளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

நான்கு மணி நேர மாத்திரைக்கு வழக்கமான நேரங்கள் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக, இரவு பத்து மணி வேளையைப் பல டாக்டர்கள் இரட்டிப்பாக எழுதுவார்கள். சீட்டில் அப்படி இருந்தால் பயந்து ஒன்றாகக் குறைக்காதீர்கள். குறைத்தால் இரண்டு மணிக்கு வலி அவரை எழுப்பும். சீட்டில் அப்படி இல்லையென்றால் நீங்களாக இரட்டிப்பாக்கவும் கூடாது.

காலை ஆறு மணி வேளை பெரும்பாலான வீடுகளில் ஒன்பது மணிக்குத்தான் போகிறது. 'வெறும் வயிற்றில் வலி மாத்திரை கொடுக்கக்கூடாதே' என்பது காரணம். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளுக்குச் சொன்னது அது. மார்ஃபினை வெறும் வயிற்றிலும் கொடுக்கலாம். குமட்டல் இருந்தால் இரண்டு வாய் கஞ்சி போதும். இட்லி வேகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு வேளை தவறிவிட்டால்? நினைவு வந்ததும் அந்த வேளையைக் கொடுத்து, அதிலிருந்து நான்கு மணி நேரம் எண்ணுங்கள். பன்னிரண்டு மணி நேர மாத்திரையென்றால், அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிடுங்கள். எதுவானாலும் தவறியதையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக்கூடாது. விழுங்கியவுடன் வாந்தி எடுத்துவிட்டால், திரும்பக் கொடுப்பதற்கு முன் போனில் கேளுங்கள். எவ்வளவு உள்ளே போயிற்று என்று நமக்குத் தெரியாது.

5. வேளைக்கு நடுவில் வரும் வலி

குளிப்பாட்டும்போது, புரட்டிப்போடும்போது, புண்ணுக்கு மருந்து வைக்கும்போது திடீரென வலி ஏறும். இதற்கென்று ஒரு கூடுதல் அளவை டாக்டர் எழுதியிருப்பார். அதைக் கொடுத்தாலும் வழக்கமான வேளையைத் தள்ளக்கூடாது. பத்து மணி மாத்திரை பத்து மணிக்குத்தான்.

வாய்வழி மாத்திரை வேலைசெய்ய அரை மணி நேரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய ஒரு மணி நேரம் ஆகலாம். பத்து நிமிடத்தில் 'குறையவில்லை' என்று அடுத்ததைப் பிரிக்காதீர்கள். குளிப்பாட்டும்போதுதான் வலி என்று தெரிந்தால், கூடுதல் அளவை முன்னதாகக் கொடுத்துவிட்டுக் குளிப்பாட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூடுதல் மாத்திரைகளை நோட்டில் வேறு நிற மையால் எழுதுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு சிவப்பு வரி விழுந்தால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். அதைக் கூட்டுவது டாக்டரின் வேலை. உங்கள் வேலை சிவப்பு வரிகளைக் காட்டுவது.

எல்லா வலிக்கும் மார்ஃபின் மட்டுமே மருந்து ஆகாது. எரிகிறது, சுண்டியிழுக்கிறது, மின்சாரம் பாய்கிறது என்று நோயாளி சொன்னால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உதவலாம். ஆகவே 'வலிக்கிறது' என்று மட்டும் போனில் சொல்லாமல், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்.

6. முதல் மூன்று நாட்கள்

தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் தூங்குவார்கள். வாரக்கணக்கில் வலியால் தூங்காத உடம்பு அந்தக் கடனையும் சேர்த்துத் தீர்க்கிறது. கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிறாரா என்பதைப் பாருங்கள், சொன்னால் தூங்கட்டும்.

குமட்டலும் இந்த நாட்களில்தான். அதற்கான மாத்திரையை டாக்டர் எழுதியிருந்தால், மார்ஃபினுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். வாய் வறண்டால் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். சிறுநீர் முட்டிக்கொண்டு வராமல் போனால் காத்திருக்காமல் அழையுங்கள்.

நடமாடும் நோயாளி முதல் நாட்களிலும், அளவு கூட்டிய நாட்களிலும் இருசக்கர வாகனம் ஓட்டக்கூடாது, ஏணியில் ஏறக்கூடாது, இருட்டோடு எழுந்து ரப்பர் பால்வெட்டுக்குத் தனியாகப் போகக்கூடாது. இரவில் கழிவறைக்குப் போகும்போது கூட ஒருவர் எழுந்திருக்க வேண்டும். விழுந்து இடுப்பு முறிந்தால் வீடே படுத்துவிடும்.

7. உடைக்கலாமா, ஒட்டுவது எப்படி

பன்னிரண்டு மணி நேர மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, கஞ்சியில் கரைக்கவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து மொத்தமும் சட்டென்று இரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை, மூக்கில் குழாய் போட்டிருக்கிறது என்றால் டாக்டர் மருந்தையே மாற்றித் தருவார். நான்கு மணி நேர மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கொடுக்கலாம்.

பேட்ச் தனிக் கதை. ஃபென்டனில் பேட்சைப் பெரும்பாலும் மூன்று நாளுக்கு ஒருமுறையும், புப்ரெனார்ஃபின் பேட்சை ஏழு நாளுக்கு ஒருமுறையும் மாற்றுவார்கள். ஒட்டியவுடன் வலி போகாது. ஃபென்டனில் பிடிக்க அரை நாளுக்கு மேல் ஆகும். எடுத்த பிறகும் ஒரு நாளளவு உடம்பில் நிற்கும். 'வேலைசெய்யவில்லை' என்று இரண்டாவது பேட்ச் ஒட்டிய வீடு ஒன்றை அறிவேன். மறுநாள் இரண்டும் சேர்ந்து வேலைசெய்தன.

ஒட்டும் இடம் மார்பின் மேல்பகுதி, முதுகு அல்லது மேல்கை. நம் ஊர் வியர்வைக்கு முதலில் வெறும் தண்ணீரால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். சோப்பு, பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. முடி இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள். சவரம் செய்தால் தோல் கீறி மருந்து கூடுதலாக இறங்கும். உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேதியையும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை வேறு இடம். பேட்சைக் கத்தரித்துப் பாதியாக்கக்கூடாது. புதியதை ஒட்டும் முன் பழையதைத் தேடி எடுங்கள். முதுகில் ஒன்றை மறந்துவிடுவது எளிது.

இனிமேல் சொல்வது நம் மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது. சூடு பட்டால் பேட்சிலிருந்து மருந்து வேகமாக இறங்கும். கிழி ஒத்தடம், சுடுதண்ணீர்ப் பை, சூடான எண்ணெய் தடவல், வெந்நீர்க் குளியல் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தோள்வலிக்கு வைத்தியர் கிழி கொடுக்க, அந்தத் தோளுக்குக் கீழேயே பேட்ச் இருக்க, நோயாளி அரை மயக்கத்தில் கிடந்ததை நேரில் பார்த்தேன். வைத்தியருக்கு பேட்ச் இருப்பதே தெரியாது, சட்டைக்குள் இருந்தது. கடும் காய்ச்சல் வந்தாலும் இதே ஆபத்துதான், உடனே கேளுங்கள்.

8. சேர்க்கக்கூடாதவை

மது முதலில். 'கொஞ்சம்தானே' என்ற பேச்சே இல்லை. இரண்டும் மூச்சை அமுக்குகிறவை. கடலில் இருந்த மனிதர்கள் பலர் இரவில் ஒரு மடக்கு கேட்பார்கள். மறைத்துக் குடிப்பதைவிட டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது உயிரைக் காக்கும்.

அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும், நரம்பு வலிக்கான பிரெகாபலின், காபாபென்டினும், தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்துகளும் டாக்டருக்குத் தெரிந்து அவர் எழுதினால் மட்டுமே. டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர் அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது.

பாராசிட்டமாலைக் கூட்டிப் பாருங்கள். டிரமடாலோடு சேர்ந்து வரும் மாத்திரையில் பெரும்பாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. அதோடு காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம், சளிக்கு வேறொரு மாத்திரை என்று போனால் எண்ணாமலே ஏறிவிடும். திடமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம்தான் உச்சம்; மெலிந்த நோயாளிக்கு அதைவிடக் குறைவு. கல்லீரல் சத்தமில்லாமல் கெடும்.

9. ஆபத்து என்று எப்படித் தெரியும்

நோயாளி தூங்கும்போது போர்வை ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க, கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணிப் பெருக்க வேண்டாம். பன்னிரண்டோ அதற்கு மேலோ என்றால் கவலையில்லை. பத்துக்குக் கீழே என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டி எழுப்புங்கள். எழுந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரிடம் பேசுங்கள்.

தட்டியும் எழவில்லை, மூச்சு எட்டு அல்லது அதற்கும் குறைவு, குறட்டை போல ஒரு கரகர ஒலி, உதடு நீலம்: இதில் ஒன்று தெரிந்தாலும் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயில் எதுவும் இல்லையா என்று பாருங்கள். பேட்ச் இருந்தால் உரித்தெடுங்கள். புளித்தண்ணீர், மோர், காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். இதை முறிக்க நலாக்சோன் என்ற ஊசி இருக்கிறது. என்ன மருந்து, கடைசியாக எப்போது என்று நோட்டைக் கையோடு கொடுத்தால் மருத்துவமனையில் நேரம் மிச்சம்.

அதற்கு முன்பே வரும் சைகைகளும் உண்டு. கைகால் திடீர் திடீரெனத் துள்ளுவது, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உளறுவது. தண்ணீர் குடிப்பது குறைந்து சிறுநீரும் குறையும்போது இவை அதிகம் வரும். அன்றே தெரிவியுங்கள்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நோயின் கடைசி நாட்களில் மூச்சு இயல்பாகவே விட்டு விட்டு வரும். அப்போது கொடுத்த மாத்திரைதான் உயிரை எடுத்தது என்று ஆண்டுக்கணக்கில் மனம் புழுங்கும் மகள்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டம் வருகிறது என்று தெரிந்ததும், எந்த மூச்சுக்கு யாரை அழைப்பது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

10. குறைப்பதும் நிறுத்துவதும்

சில வாரங்கள் சாப்பிட்டவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு, இருப்புக்கொள்ளாமை எல்லாம் வரும். உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது என்று பொருள். 'பார்த்தீர்களா, அடிமையாகிவிட்டார்' என்று சொல்லிவிடாதீர்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு வலி குறைந்தால், டாக்டர் படிப்படியாக இறக்குவார்.

அடிமைப் பழக்கம் வேறு. வலி இல்லாதபோதும் மாத்திரைக்காக அலைவது, ஒளித்து வைப்பது, தொலைந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப வாங்குவது. அப்படித் தெரிந்தால் சண்டை போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளியைவிட வீட்டிலுள்ள வேறொருவர்தான் மாத்திரையைத் தொடுகிறார் என்பதையும் 'மீதம்' கட்டம் காட்டிக்கொடுக்கும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில நாளுக்கு எழுதிய டிரமடாலுக்கு இந்த வழிகாட்டியின் நான்காவது படி பொருந்தாது. எழுதிய நாள் முடிந்ததும் நிறுத்துவதுதான் முறை. மிச்சம் இருக்கிறதே என்று முதுகுவலிக்கு எடுத்துக்கொள்வதில்தான் பல பேருக்குப் பழக்கம் தொடங்குகிறது.

11. தீர்வதற்கு முன் வாங்குவது

டப்பாவில் ஏழு நாள் மருந்து இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் வேறு இடமானாலும், எந்தக் கிழமை கொடுக்கிறார்கள், இருப்பு இருக்கிறதா, நோயாளிக்குப் பதில் யார் வந்து வாங்கலாம் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மேற்குப் பக்கத்தவர்கள் பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள். இரண்டு மாநில விடுமுறைகளையும் பார்க்க வேண்டிய நிலை நமக்கு. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு இங்கே உள்ளூர் விடுமுறை. ஓணத்துக்கும் ஆற்றுக்கால் பொங்காலைக்கும் அங்கே. பொங்காலை அன்று நகருக்குள் வண்டி நகராது. அப்பாவுக்கு இரண்டே மாத்திரை மீதி வைத்துக்கொண்டு அந்த நாளில் நான் கிழக்கேகோட்டையில் நின்றிருக்கிறேன். அதன் பிறகுதான் ஏழு நாள் கணக்கு.

பயணத்தில் மாத்திரையை அட்டையோடும், சீட்டோடும் வைத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளையில் யாராவது பையைத் திறந்து கேட்டால் சீட்டு பேசும். காகிதத்தில் மடித்த வெறும் மாத்திரை பேசாது. 'எங்கள் வீட்டில் தீர்ந்துவிட்டது, இரண்டு தாருங்கள்' என்று இன்னொரு நோயாளி வீட்டிலிருந்து வந்தாலும் கொடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அவர்களுடைய அளவும் வேறு. டாக்டரின் எண்ணைக் கொடுங்கள்.

12. மிச்சம் இருப்பவை

கழற்றிய பேட்சில் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து மீதமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, பூட்டிய டப்பாவிலேயே போட்டுவையுங்கள். குப்பையோடு போட்டால் நாய் இழுக்கும், குழந்தை எடுக்கும்.

நோயாளி இறந்த வீட்டில் மாத்திரையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. துட்டிக்கு வந்தவர்களில் ஒருவர் நினைப்பார். அன்றைக்கே டப்பாவைப் பூட்டி, சாவியை ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். காரியங்கள் முடிந்த வாரத்தில் எண்ணி, அட்டைகளோடும் பேட்ச்களோடும் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். குளத்திலோ தோட்டத்திலோ எறிய வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கும்போது நோட்டையும் கொண்டுபோய், கடைசி வரிக்குக் கீழே எண்ணிக்கையை எழுதி, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்பாவின் நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: 'மீதம் 26. பெற்றுக்கொண்டேன்.'